நோக்கம் நல்லதென்றால் செயலும் சரியாகிவிடுமா? ஒரு மார்ஃபின் ஊசியை முன்வைத்து

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 3 மில்லிகிராம் மார்ஃபின் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். "தாங்க முடியலப்பா" என்று இரவெல்லாம் அவர் அரற்றியதைப் பார்த்து, 4 மில்லிகிராமாகக் கூட்டலாமா என்று டாக்டர் கேட்டார். "கூட்டுங்க சார்" என்றது நீங்கள். மறுநாள் விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டார். "நீ தலையாட்டினதாலதான் போனார்" என்கிறார் அண்ணன். வலி அடங்க வேண்டும் என்றுதான் சம்மதித்தேன், ஆனால் "சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற நினைப்பும் உள்ளே ஓடியது, நல்ல நோக்கம் என் செயலைக் காப்பாற்றுமா, அந்த இன்னொரு நினைப்பு அதைக் கெடுத்துவிடுமா என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் இதில் மூன்று கலந்து கிடக்கின்றன. மருந்து உயிரைக் குறைத்ததா என்பது ஒன்று. அந்த ஊசி போடத் தகுந்ததுதானா என்பது வேறு. உங்கள் மேல் பழி உண்டா என்பது இன்னும் வேறு. நோக்கம் இந்த மூன்றிலும் ஒரே அளவு எடை பெறுவதில்லை. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வலி தணிப்பு சிகிச்சையில் வேலை செய்பவன், மருத்துவ அறவியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உறுதியாகச் சொல்ல முடிந்ததை உறுதியாகவும், அறிஞர்களுக்குள்ளேயே தீராமல் இருப்பதை அப்படியே தீராததாகவும் சொல்கிறேன்.

முதலில் மருந்தைப் பார்ப்போம், ஏனென்றால் நடந்தது என்ன என்று தெரியாமல் நோக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. மார்ஃபினை மாத்திரையாக எடுக்க முடிந்தவருக்கு 5 மி.கி.யில் தொடங்குவோம், வயதானவர், உடல் மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இடையில் வலி பீறிட்டால், ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுப்போம். மறுநாள் அந்தக் கூடுதல் டோஸ்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வலி இன்னும் இருந்தால் 30 முதல் 50 சதவீதம் வரை ஏற்றுவோம். மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறும்போது அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். நீங்கள் எழுதியிருக்கும் எண்களை இதில் வைத்துப் பாருங்கள். 3 மி.கி. வீதம் நாளுக்கு ஆறு ஊசி என்றால் 18 மி.கி., மாத்திரைக் கணக்கில் சுமார் 54. நான்காக ஏற்றியபோது நாளுக்கு 24, மாத்திரைக் கணக்கில் சுமார் 72. ஏற்றம் மூன்றில் ஒரு பங்கு. எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கு இது நடுத்தரமான அளவுதான். இதைவிடப் பல மடங்கு எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் நடமாடி, பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

மார்ஃபின் மூச்சை அடக்கும் என்பது உண்மை. ஆனால் இப்படி அளந்து ஏற்றும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. முதலில் தூக்கக் கலக்கம், பிறகு தட்டி எழுப்பினாலும் சரியாக எழாத மயக்கம், கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, அதற்கும் பிறகே மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே இறங்குவது என்று வரிசையாக வரும். வலி இருக்கும்வரை அந்த வலியே மூச்சைத் தூண்டிக்கொண்டிருக்கும். சில நாட்கள் தொடர்ந்து எடுத்தவருக்கு மூச்சை அடக்கும் விளைவு பழகியும் போய்விடும், மலச்சிக்கல்தான் பழகாது. இதையெல்லாம் தாண்டி, குடும்பங்களை வதைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து போகிற எவரும், எந்தக் காரணத்தால் இறந்தாலும், கடைசி ஊசிக்குப் பின் நான்கு மணி நேரத்துக்குள்தான் இறப்பார். ஊசி போட்டார்கள், போய்விட்டார் என்ற வரிசை கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. அதோடு, இறக்கும் தறுவாயில் மூச்சு இருபது முப்பது விநாடி நின்று மறுபடி வருவதும், தொண்டையில் கரகரப்பதும் மார்ஃபின் ஒரு துளியும் வாங்காதவருக்கும் நடக்கும். முறையாக ஏற்றப்பட்ட மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மயக்க மருந்து கொடுத்துத் தணிப்பதைப் பற்றி மல்டோனி குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் அதையே சொல்கிறது. இவை பெரும்பாலும் நோயாளிகளைக் கவனித்துத் தொகுத்த ஆய்வுகள். வலியில் துடிப்பவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மருந்து மறுக்க யாராலும் முடியாது. ஆகவே தனிப்பட்ட ஒருவரின் விஷயத்தில் ஒரு மணி நேரம்கூட முன்பின் ஆகியிருக்காது என்று சத்தியம் செய்ய இயலாது. ஆனால் அந்த ஒரு மில்லிகிராம் ஏற்றம்தான் அப்பாவைக் கொன்றது என்பதற்கு, நீங்கள் சொன்னவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

மார்ஃபினால் ஆட்கள் சாவது வேறு இடங்களில். மாத்திரையில் 10 மி.கி. வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, மூன்றில் ஒரு பங்கு என்று குறைக்காமல் அதே 10 மி.கி.யை நரம்பில் ஏற்றிவிடுவது. 2.5 என்று எழுதிய புள்ளி அழிந்து 25 ஆகிவிடுவது. மில்லிலிட்டருக்கு 10 மி.கி. ஆம்பூலும் 15 மி.கி. ஆம்பூலும் ஒரே அலமாரியில் இருக்க, லேபிளைப் பார்க்காமல் எடுப்பது. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் கழிவுப்பொருள் உடம்பில் தேங்கும். இடைவெளியை ஆறு அல்லது எட்டு மணி நேரமாக நீட்ட வேண்டும் என்பதை மறந்து நான்கு மணி நேரத்துக்கே கொடுத்துக்கொண்டிருப்பது. பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் விடுவது. அப்போது பன்னிரண்டு மணி நேர மருந்து சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். இந்த ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் நோக்கம் பழுதற்றது, வலி தீர வேண்டும் என்பது மட்டுமே. ஆனாலும் செய்தது தவறு. நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்ற வாதம் இங்கேயே நின்றுவிடுகிறது.

நம் சட்டம் இதை நன்றாகப் பிடித்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று ஒருவர் சொன்னால், உரிய கவனமும் அக்கறையும் இருந்ததா என்று சட்டம் திருப்பிக் கேட்கும். அது இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 52ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 2(11) அதையே வைத்திருக்கிறது. அதன் 26ஆம் பிரிவு (பழைய 88) உங்கள் விஷயத்துக்கு மிக அருகில் வருகிறது. கடும் வேதனையில் இருக்கும் நோயாளிக்கு ஒரு அறுவை சிகிச்சை, அதில் உயிர் போக வாய்ப்பு அதிகம் என்று டாக்டருக்குத் தெரியும், சாகடிக்கும் எண்ணம் இல்லை, நோயாளியின் நன்மைக்காக, அவர் சம்மதத்தோடு செய்கிறார், எனவே குற்றமில்லை என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. தெரிந்திருப்பது வேறு, எண்ணியிருப்பது வேறு என்பதைச் சட்டம் இங்கே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த ஏற்பு சும்மா வருவதில்லை. நோயாளியின் நன்மை, அவருடைய சம்மதம், உரிய கவனம் ஆகிய மூன்றும் கூடவே நிற்க வேண்டும். சம்மதம் என்று சட்டம் சொல்வது நோயாளியின் சம்மதத்தை. நம் ஆஸ்பத்திரிகளில் நினைவோடு படுத்திருப்பவரை விட்டுவிட்டு வராந்தாவில் பிள்ளைகளிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் அப்பா தாங்க முடியவில்லை என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். நிவாரணம் கேட்டவர் அவர்தான் என்பதை உங்கள் தலையாட்டலைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நோக்கமா செயலா என்ற இந்த வாதம் இந்தியாவில் மிகப் பழையது. சூத்ரகிருதாங்கம் என்ற சமண ஆகமத்தில் ஆர்த்ரகர் என்ற சமணத் துறவியிடம் ஒரு பௌத்தர் வாதாடுவதாக வருகிறது. பிண்ணாக்கு உருண்டையை மனிதன் என்று நினைத்துக் குத்தினால் கொலைப் பாவம் வரும், மனிதனையே பிண்ணாக்கு என்று நினைத்துக் குத்தினால் வராது என்பது அந்தக் கட்சி. நினைப்பையே வினை என்று கொள்ளும் நெறியை எதிராளி எப்படிப் படம்பிடிப்பார் என்பதற்கு இது நல்ல உதாரணம், பௌத்தர்கள் தாங்களே இப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சமணரின் மறுப்புதான் கவனிக்க வேண்டியது: மனிதனைப் பிண்ணாக்கு என்று ஒருவன் எப்படி நினைக்க முடியும்? பார்க்க வேண்டியதைப் பார்க்காதவனுக்கே அந்த மயக்கம் வரும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூலும் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது கவனமின்மையால் உயிரைப் போக்குவது என்றே சொல்கிறது. தமிழில் சமணக் காப்பியமான நீலகேசி ஊன் உண்பதை வைத்துப் பௌத்தர்களோடு நடத்தும் வாதத்திலும் இந்தப் பிணக்கின் சாயலைப் பார்க்கலாம். நோக்கத்தை மட்டும் பார்ப்பவர், விளைவை மட்டும் பார்ப்பவர் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. கவனம் என்ற மூன்றாவதைச் சேர்க்காமல் இரண்டு பக்கமும் நிற்காது.

இனி, கவனமாகத்தான் செய்தார்கள், கெட்ட விளைவு வரலாம் என்றும் தெரியும் என்றால் என்ன? இதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த ஒரு கோட்பாடு இருக்கிறது, இரட்டை விளைவுக் கோட்பாடு என்பார்கள். செயல் தன்னளவில் தவறானதாக இருக்கக் கூடாது. கெட்ட விளைவை நாடக் கூடாது. கெட்ட விளைவின் வழியாக நல்ல விளைவு வரக் கூடாது. நல்லது, கெட்டதைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1957இல் டாக்டர் ஜான் பாட்கின் ஆடம்ஸ் வழக்கில் நீதிபதி டெவ்லின், வலியைத் தணிக்கத் தேவையான, முறையான எதையும் டாக்டர் செய்யலாம், அதனால் ஆயுள் தற்செயலாகச் சற்றுக் குறைந்தாலும் சரி என்று ஜூரிகளுக்கு விளக்கினார். ஆடம்ஸ் விடுதலையானார். நோயாளிகள் பலரின் உயிலில் அவர் பெயர் இருந்ததால் சந்தேகம் மட்டும் கடைசிவரை தீரவில்லை.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது 1992இல் வின்செஸ்டரில் நடந்த டாக்டர் நைஜல் காக்ஸ் வழக்கு. முடக்குவாதத்தால் தாங்க முடியாத வலியில் இருந்த எழுபது வயது மூதாட்டி, சாக உதவும்படி அவரிடம் கெஞ்சினார். பிள்ளைகளும் டாக்டருக்கு ஆதரவாகவே இருந்தார்கள். காக்ஸ் போட்டது பொட்டாசியம் குளோரைடு. போட்டதை நோயாளியின் குறிப்பிலும் எழுதிவைத்தார். கொலை முயற்சி என்று தீர்ப்பு வந்தது. உடல் எரிக்கப்பட்டுவிட்டதால் சாவுக்குக் காரணம் அந்த ஊசிதான் என்று நிரூபிக்க வழியில்லாமல் போனது, அதனால்தான் முயற்சி என்ற சொல். ஓராண்டுச் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அவர் மருத்துவத் தொழிலிலும் தொடர்ந்தார். இந்த வழக்கில் யாரும் அவர் மனத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பொட்டாசியம் குளோரைடுக்கு வலி போக்கும் குணமே கிடையாது. நீர்க்காமல் வேகமாக நரம்பில் ஏற்றினால் இதயத்தை நிறுத்துவது ஒன்றுதான் அது செய்யும் வேலை. நோயாளியின் நிம்மதி சாவின் வழியாக மட்டுமே வர முடியும். மார்ஃபின் அப்படியல்ல, நோயாளி பிழைத்திருந்தாலும் அதன் வேலை முடிந்துவிடும்.

இந்த வேறுபாடுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதன் மையம். நோக்கம் என்றால் மனத்தின் அடியில் பூட்டிக் கிடக்கும் ஒன்று, அவரவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் நோக்கம் செயலின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடைவெளியில், எதைப் பார்த்து ஏற்றினார்கள், எதைப் பார்த்தால் நிறுத்துவதாக இருந்தார்கள் என்பதிலெல்லாம் அதைப் படிக்கலாம். வலியைக் குறைக்க நினைப்பவர் வலியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு ஏற்றுவார், வலி அடங்கியதும் ஏற்றுவதை நிறுத்துவார். மூச்சு ஆபத்தாக அடங்கினால், மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலோக்சோன் 0.4 மி.கி. ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி, ஒரு மி.லி. வீதம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விடுவார். முழு ஆம்பூலையும் ஒரே மூச்சில் ஏற்றினால் மூச்சோடு சேர்ந்து வலியும் முழு வேகத்தில் திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும். சாகடிக்க நினைப்பவர் வலி அடங்கிய பிறகும் காரணமில்லாமல் ஏற்றிக்கொண்டே போவார். அரை மணி நேரத்துக்குப் பத்து மடங்கு என்று கூட்டிவிட்டு, வலிக்காகத்தான் செய்தேன் என்று ஒருவர் சொன்னால் அந்த வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு நடந்தது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், வலியைப் பார்த்து, கேட்டு. அதன் வடிவத்தில் கொலை எண்ணம் எங்கும் இல்லை.

அப்படியானால் உள்ளே ஓடிய அந்த நினைப்பு? சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்பது ஆசை. ஆசையும் நோக்கமும் ஒன்றல்ல. நோக்கம் உங்கள் கையை வழிநடத்தும், அதை அடைய வழி தேடும், ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடும். ஆசை வந்துவிட்டுப் போகும். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: 4 மி.கி. போட்டபின் அப்பா வலியில்லாமல் தூங்கி, மறுநாள் காலையில் கண் விழித்துக் காபி கேட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? என்ன உணர்ந்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை, அதில் சோர்வும் கலந்திருக்கலாம், பல மாதம் பார்த்துக்கொண்டவருக்கு அது வரும். என்ன செய்திருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. டாக்டரிடம் போய் இன்னும் கூட்டுங்கள், வேலை முடியவில்லை என்று சொல்லியிருப்பீர்களா, காபி வாங்கப் போயிருப்பீர்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குப் பதில் தெரிகிறது. உங்களுக்கும் தெரியும். மிக நெருங்கியவர் துன்பப்படுவதைப் பார்க்கும் குடும்பங்களில் இந்த ஆசை எழாத வீடு அரிது. வாய்விட்டுச் சொல்லாததால்தான் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அது வந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

நோக்கத்தையும் அதற்குத் தூண்டுதலாக நின்ற உணர்ச்சியையும்கூடப் பிரித்துப் பார்க்க வேண்டும். காக்ஸைத் தூண்டியது இரக்கம், அவர் நாடியது சாவு. செயலை அதன் விளைவால் எடைபோடும் பயன்வாதியான ஜான் ஸ்டூவர்ட் மில்கூட இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார். ஒரு செயல் சரியா என்பது ஒருவர் என்ன செய்ய நாடுகிறார் என்பதைச் சார்ந்தது, எந்த உணர்ச்சி அவரைத் தூண்டியது என்பதை அல்ல, தூண்டுதல் அந்த மனிதரை மதிப்பிடத்தான் உதவும் என்று அவர் எழுதினார். காக்ஸ் வழக்கின் தீர்ப்பும் தண்டனையும் இதற்கு ஒத்துவருகின்றன. நாடியதை வைத்துக் குற்றம் தீர்மானமானது. தண்டனையின் மென்மையில் இரக்கத்துக்கு இடம் கிடைத்தது.

இன்னும் ஒரு படி மேலே போய், செயல் தகுமா தகாதா என்பதில் நோக்கத்துக்கு நேரடி இடமே இல்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் தத்துவ அறிஞர்களான ஜூடித் தாம்சன், டி. எம். ஸ்கேன்லன் இருவரும் முக்கியமானவர்கள். அவர்களுடைய யோசனையை நம் வார்டில் வைத்துச் சொல்கிறேன். வலியில் ஒரு நோயாளி, அவருக்குத் தேவை 4 மி.கி. மார்ஃபின், இரவுப் பணியில் ஒரே ஒரு டாக்டர். அந்த டாக்டருக்கு இந்த நோயாளியைப் பிடிக்காது, இவன் செத்தால் நல்லது என்று உள்ளுக்குள் நினைத்தபடி அதே 4 மி.கி.யை, அதே கவனத்தோடு போடுகிறார். அவர் அந்த ஊசியைப் போட்டிருக்கக் கூடாது என்போமா? நோயாளி விடியும்வரை துடித்திருக்க வேண்டுமா? சொல்ல மாட்டோம். ஊசி தகும், அந்த டாக்டரைப் பற்றிய நம் மதிப்புதான் குறையும். இந்த வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. உங்களைப் போன்றவருக்கு அது ஒரு விடுதலையும் தருகிறது: உள்ளே ஓடிய நினைப்பு எதுவாக இருந்தாலும், போடத் தகுந்த ஊசி போடத் தகாததாக மாறிவிடாது. அதே சமயம் ஸ்கேன்லன் பக்கம் முழுதாகச் சாய எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மேலே சொன்ன டாக்டர் அடுத்த ஊசியில் என்ன செய்வார் என்பதை அவருடைய நோக்கமே தீர்மானிக்கும். செயல் ஒரு கணத்தில் முடிந்துவிடும்போது நோக்கத்தை ஒதுக்கிவைக்கலாம். ஒரு வாரம் நீளும் சிகிச்சையில் ஒதுக்க முடியாது. இதில் தத்துவத் துறை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அண்ணனின் பேச்சுக்கு வருகிறேன். அவர் உங்கள் மேல் எண்ணத்தைச் சுமத்துவதற்கு உங்கள் நடத்தை காரணமாக இருக்க வேண்டியதில்லை, மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. 2003இல் ஜோஷுவா நோப் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை மிகத் தெளிவாகக் காட்டியது. ஒரு கம்பெனித் தலைவரிடம் புதிய திட்டம் ஒன்றைச் சொல்கிறார்கள், லாபம் வரும், சுற்றுச்சூழல் கெடும். எனக்குச் சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலையில்லை, லாபம்தான் வேண்டும் என்று அவர் தொடங்கிவிடுகிறார். சுற்றுச்சூழலை வேண்டுமென்றே கெடுத்தார் என்று 82 சதவீதம் பேர் சொன்னார்கள். கதையில் கெடும் என்ற ஒரு சொல்லை மேம்படும் என்று மாற்றிக் கேட்டபோது, வேண்டுமென்றே மேம்படுத்தினார் என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான். அவருடைய மனநிலை இரண்டிலும் ஒன்றே. விளைவு கெட்டதாக இருந்தால், அதை வைத்து நோக்கத்தையும் பின்னோக்கிக் கட்டிவிடுகிறோம். ஃபியரி குஷ்மன் 2008இல் எழுதியதும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு செயல் தவறா என்று கேட்டால் மக்கள் பெரும்பாலும் எண்ணத்தைப் பார்க்கிறார்கள், யாரைத் தண்டிக்கலாம் என்று கேட்டால் விளைவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதே ஊசியை முந்தின வாரம் போட்டு அப்பா நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால், தலையாட்டிய தம்பியை அண்ணன் மெச்சியிருப்பார். செயலில் எந்த மாற்றமும் இல்லை. நோக்கத்துக்கு மக்கள் தரும் எடை ஊருக்கு ஊர் மாறவும் செய்கிறது. பத்துச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வில் ஃபிஜித் தீவுகளின் யசாவா மக்கள் மற்றவர்களைவிட விளைவுக்கே அதிக எடை கொடுத்தார்கள்.

நான் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த மருந்துக்கும் அடங்காத தவிப்பில் மிடாசோலம் என்ற மயக்க மருந்தைத் தொடர்ந்து ஏற்றி நினைவிழக்கச் செய்யும் நிலை வருவதுண்டு. இன்னும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருப்பவருக்கு அதைச் செய்வதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. ஆனால் சில வாரம் வாழக்கூடியவரை ஆழமாக மயக்கிவைத்து, உணவும் நீரும் தராமல் இருந்தால், சாவு எதிர்பார்க்கப்பட்டது மட்டுமே, நாடப்படவில்லை என்று சொல்வது கடினமாகிவிடுகிறது. முன்பே தெரிந்ததற்கும் நாடியதற்கும் இடையிலுள்ள கோடு அங்கே மங்கிவிடும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், குணமாக வாய்ப்பில்லாதவருக்கு உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவதையும், முன்கூட்டியே எழுதிவைக்கும் சிகிச்சை விருப்ப ஆவணத்தையும் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. கொல்லும் ஊசிக்கு அது இடம் கொடுக்கவில்லை. நிறுத்துவதற்கும் கொல்வதற்கும் உள்ள வேறுபாடு அறத்திலும் அதே அளவு ஆழமானதா என்பதில் நேர்மையான மனிதர்கள் இன்றும் இரு பக்கமும் நிற்கிறார்கள்.

உங்களால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் நர்ஸ்கள் நிரப்பும் மருந்து அட்டவணையைப் பாருங்கள்: ஒவ்வொரு ஊசியின் நேரம், அளவு, போட்டவரின் கையெழுத்து. பக்கத்தில் வலிக்கு 10க்கு எத்தனை என்ற எண், மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, தட்டினால் கண் திறக்கிறாரா என்ற குறிப்பு. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது, கடைசியாக எப்போது பார்த்தார்கள். ஏற்றுவதற்கு முன் வலி எண் ஏழோ எட்டோ என்றிருந்து, பின்னர் இறங்கி, மூச்சு பன்னிரண்டு பதினாறு என்ற அளவில் இருந்திருந்தால், மருந்து செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. கிரியேட்டினின் ஏறியிருந்தும் இடைவெளியை நீட்டவில்லை என்றாலோ, கடைசி இரவில் மூச்சும் மயக்கமும் குறிக்கப்படவே இல்லை என்றாலோ, அது கேட்கத் தகுந்த கேள்வி. அந்தக் கேள்வி டாக்டருக்கும் வார்டுக்கும் உரியது, உங்கள் தலையாட்டலுக்கு அல்ல. எப்படியிருந்தாலும் சிகிச்சை கொடுத்த டாக்டரைப் போய்ப் பாருங்கள், அண்ணனையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். டோஸ் கூட்டியது ஏன், அன்றிரவு மூச்சு எப்படி இருந்தது, கூட்டாமல் இருந்திருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்ற மூன்றையும் அண்ணனே தன் வாயால் கேட்கட்டும். வார்டு ரவுண்ட்ஸுக்கு நடுவில் நின்றபடி பேசி முடிக்காமல், முன்கூட்டியே சொல்லி அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.